கோபுரத்துக்கு ஓர் இணையடி

உண்மை பேசும் நிர்வாகங்கள் உலகத்தில் பல இருக்கலாம். பேசிய உண்மையைக் கல்லில் வெட்டி, அதற்குத் தங்க வண்ணம் பூசி, அது பொய்யாகிவிடாமல் அல்லும் பகலும் காவல் காக்கிற நிர்வாகம் தாவ்சி வட்டத்தில் மட்டும்தான் இருக்கிறது. இந்தப் பெருமையில் பெரும்பங்கு பண்பாட்டுத் துறை இயக்குநர் கோங் தேஹாய் அவர்களுக்கு உரியது. சிறு பங்கு ஒன்று, 'தாவ்சி மாலைச் செய்தி'யில் வாரந்தோறும் குறுக்கெழுத்துப் போடும் வெய் சூச்சினுக்கும் உண்டு. அவள் அதைக் கேட்கவில்லை. கேட்காதவர்களுக்கும் பெருமையைப் பகிர்ந்து கொடுப்பது தாவ்சி நிர்வாகத்தின் வழக்கம்.

விஷயம் புதுக் கோபுரத்தில் ஆரம்பித்தது. வட்ட நிர்வாகத்தின் எல்லா அலுவலகங்களும் ஒரே கூரையின் கீழ் வந்தால், மக்கள் ஒரே இடத்தில் காத்திருக்கலாம் என்ற உயர்ந்த நோக்கத்தோடு எழுப்பப்பட்ட கட்டடம் அது. உச்சியில் பெரிய தண்ணீர்த் தொட்டி. முன்னால் இசைக்கு ஆடும் நீரூற்று. உடம்பெல்லாம் விளக்கு. பக்கத்து வட்டத்துக் கோழிகள் அந்த வெளிச்சத்தைப் பார்த்து நடுராத்திரியில் கூவுகின்றன என்று ஒரு புகார் வந்தது. கோங் அதைச் சாதனைப் பட்டியலில் சேர்த்தார்.

கட்டி முடித்த விருந்தில், மீன்தலைக் குழம்புக்கும் மூன்றாவது கோப்பைக்கும் நடுவே, கோங் எழுந்து நின்றார். கண்ணை மூடினார். ஒரு கவிதை அடி பிறந்தது:

"மேலே அரசுக் கோபுரம் இரவெல்லாம் ஒளி நிறைந்து சிரிக்கிறது."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. வரித்துறை அதிகாரி அழுதார். வரித்துறையில் இருப்பவர் அழுவதை அதுவரை யாரும் பார்த்ததில்லை. திட்டத்துறை அதிகாரி அங்கேயே கல்தச்சரைத் தொலைபேசியில் அழைத்தார். மறுநாள் மதியத்துக்குள் அந்த அடி நுழைவாயிலின் வலது தூணில் ஏறிவிட்டது.

அதற்குப் பிறகுதான் இணையடிச் சங்கத்தின் தலைவர் ஃபூ பெரியவர் அந்தப் பக்கம் வந்தார். உணவு தானியத் துறையில் துணை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். தேநீர்க் குடுவையும் கவிதை விதிகளும் இல்லாமல் வெளியே கிளம்பமாட்டார். வலது தூணைப் படித்தார். இடது தூணைப் பார்த்தார். அது வழவழவென்று வெறுமையாக நின்றது.

"ஜோடி எங்கப்பா?" என்றார்.

தாவ்சியில் குடிசைக்கும் இரண்டு பக்கமும் கவிதை வேண்டும். வசந்த விழா வந்தால் சிவப்புத் தாளில் முதலடி வலப்பக்கம், இணையடி இடப்பக்கம். ஒற்றை அடியோடு நிற்கிற வாசல், மணமகன் மட்டும் உட்கார்ந்திருக்கிற கல்யாண மேடை மாதிரி. அந்த மணமகனுக்கு எந்தப் பெண்ணையும் கட்டிவைத்துவிடவும் முடியாது. முதலடியில் எத்தனை சொல்லோ, இணையடியில் அத்தனை சொல். ஒவ்வொரு சொல்லுக்கும் நேரே அதன் எதிர்ச்சொல். வானத்துக்கு மண். நெருப்புக்கு நீர். முதலடியில் வந்த சொல் இணையடியில் மறுபடி வந்தால் போச்சு.

கோபுரத்தைத் திறந்துவைக்க மாகாணத்திலிருந்து யென் என்ற மேலதிகாரி வசந்த விழாவுக்கு வருவதாக இருந்தது. அதற்குள் மணப்பெண் வேண்டும். கோங் பலமுறை கண்ணை மூடிப் பார்த்தார். தூக்கம்தான் வந்தது.

"நமக்குக் கவிதை வரலைன்னு ஒருத்தனும் சொல்லக் கூடாது," என்றார் கூட்டத்தில். "'மக்கள் பங்கேற்புப் படைப்பாக்கம்'னு சொல்லணும். அதுதான் இப்ப எல்லா ஊர்லயும் நடக்குது. முதலடி நிர்வாகத்தோடது, இணையடி மக்களோடது. அந்தக் குறுக்கெழுத்துப் பொண்ணக் கூப்பிடுங்க."

சூச்சினைக் கூப்பிட்டதற்குக் காரணம் இருந்தது. அவளுடைய குறுக்கெழுத்தில் ஒரு கட்டத்துக்கு ஒரு முழுச் சொல். ஒரு கவிதையின் முதலடிதான் குறிப்பு. வாசகர் அதன் இணையடியைக் கட்டங்களில் நிரப்ப வேண்டும். ஒவ்வொரு கட்டத்துச் சொல்லுக்கும் மேலிருந்து கீழாகத் தனிக் குறிப்பு ஒன்றும் உண்டு. அந்தப் பக்கத்துக்காகவே பத்திரிகை வாங்குகிறவர்கள் இருந்தார்கள். செய்திக்காக வாங்குகிறவர்களைப் பற்றித் தகவல் இல்லை.

"இந்த வசந்த விழா மலர்ல என்னோட அடிதான் குறிப்பு," என்றார் கோங்.

"சரிங்கய்யா. விடை?"

"விடைய மக்கள் கண்டுபிடிப்பாங்க."

"ஐயா, விடை என்னன்னு எனக்குத் தெரிஞ்சாத்தானே கட்டம் போட முடியும்?"

"அது பழைய முறைம்மா. விடையக் கையில வெச்சுக்கிட்டுக் கேள்வி கேக்குறது அடக்குமுறை. கேள்விய மட்டும் கேளு. விடை தானா வரும்."

பக்கத்தில் நின்ற பத்திரிகை ஆசிரியர் பான், சூச்சினின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். பான் நல்ல மனிதர். அவர் திருத்தும் பிழைகள் இரண்டே வகை: கட்டத்தின் எண், மேலதிகாரியின் பெயர்.

"உன் நிரந்தர நியமனக் கோப்பு எங்கிட்டதான் இருக்கு, தெரியுமா?" என்றார் கோங், கனிவாக.

சூச்சினுக்குத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் ஒப்பந்தப் பணியாளர்தான். ஆண்டு முடிந்தால் ஒப்பந்தமும் முடியும். யாராவது நினைவு வைத்திருந்தால் மறுபடி தொடங்கும். நிரந்தரம் ஆகிவிட்டால் அவளை யாரும் மறந்தாலும் சம்பளம் மறக்காது.

"என் அடிக்கு ஒரு ஜோடி வந்து சேரட்டும். அன்னிக்கே கையெழுத்து," என்றார் கோங். "வரலைன்னா, ஒப்பந்தத்தையும் ஒரு தடவ மறுபரிசீலனை பண்ண வேண்டியிருக்கும்."

முதலில் அலுவலகங்கள் முந்திக்கொண்டன. மக்கள் பங்கேற்பு என்றால் அதிகாரிகள் முதலில் பங்கேற்க வேண்டும் என்பது நியாயம்தானே. வரித்துறையிலிருந்து, "மேலே மேலே கோபுரம் மேலும் ஒளி நிறைந்து மேலும் சிரிக்கிறது" என்று ஒரு இணையடி வந்தது. சாலைத்துறையிலிருந்து வந்த அடியில் 'கோங்' என்ற பெயர் மூன்று இடத்தில் இருந்தது. காவல்துறை, முதலடியையே திருப்பி எழுதி, "இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை" என்று குறிப்பும் எழுதியிருந்தது.

ஃபூ பெரியவர் எல்லாவற்றையும் தள்ளினார். தேநீர்க் குடுவையால் மேசையைத் தட்டித் தட்டித் தள்ளினார்.

"பொண்ணு கேட்டா மாப்பிள்ளையோட அண்ணனையே கூட்டிட்டு வந்து நிறுத்துறானுங்க! மேலேக்கு ஜோடி மேலேயா? எதிர்ச்சொல், எதிர்ச்சொல்! நாற்பது வருஷமா தொண்டை கிழியக் கத்துறேன்."

"பெரியவரே," என்றார் பான் மெல்ல, "நிர்வாகத்துக்கு எதிரா ஒரு சொல்லை இவங்க எங்க போய்த் தேடுவாங்க?"

மலர் அச்சுக்குப் போக வேண்டிய நாளும் நெருங்கியது. சூச்சின் தாளும் பென்சிலுமாக வீட்டுக்குப் போனாள். தென் தெருவில், நாலாவது மாடி. வழக்கம்போலக் குழாயைத் திறந்தாள். வழக்கம்போலக் குழாய் ஒரு முறை இருமிவிட்டு அமைதியாயிற்று. கோபுரத்து உச்சித் தொட்டி நிரம்பத் தொடங்கியதிலிருந்து தென் தெருக் குழாய்களுக்கு இந்த இருமல். வாளியோடு தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

தெரு மொத்தமும் நீரூற்றின் முன்னால் வரிசையில் நின்றது. இசைக்கு நீர் உயரும்போது வாளியை நீட்ட வேண்டும். தாழும்போது இழுத்துக்கொள்ள வேண்டும். தாளம் தெரியாதவர்கள் நனைந்தார்கள். சூச்சினுக்கு முன்னால் மாவ் அக்கா நின்றாள். கீழ்த்தளத்தில் அரிசி நூடுல்ஸ் கடை வைத்திருப்பவள். குறுக்கெழுத்தைப் பேனாவால் நிரப்புகிற ஒரே ஆள்.

"என்னடி, முகம் அவிச்ச முள்ளங்கி மாதிரி இருக்கு?"

"ஒரு அடிக்கு ஜோடி கிடைக்கலக்கா. அந்த வலது தூண்ல இருக்கே, அதுக்கு."

மாவ் அக்கா திரும்பித் தூணைப் படித்தாள். "இதுக்கா கஷ்டப்படுற? சொல்லு சொல்லாப் போ. மேலேக்கு?"

"கீழே."

"அரசுக்கு?"

"குடிமக்கள்."

"ஒசந்து நிக்கிற கோபுரத்துக்கு, புதைஞ்சு கிடக்குற..." மாவ் அக்கா வாளியைத் தட்டினாள். "குழாய். அப்புறம்?"

"இரவுக்குப் பகல். ஒளி நெருப்பு ஜாதி, அதனால நீர். நிறைந்துக்கு வற்றி. சிரிக்கிறதுக்கு..."

சூச்சின் நிறுத்திக்கொண்டாள். சொல்லச் சொல்லத் தாளில் எழுதியதோடு கடைசிச் சொல்லையும் சேர்த்துப் பார்த்தாள்.

'கீழே குடிமக்கள் குழாய் பகலெல்லாம் நீர் வற்றி அழுகிறது.'

இசை உச்சத்துக்குப் போயிற்று. இரண்டு பேரும் வாளியை நீட்டாமல் நின்றார்கள்.

"ஆத்தி," என்றாள் மாவ் அக்கா. "பொருந்துதேடி."

"பொருந்தக் கூடாதுக்கா. வேற ஏதாவது சொல்லுங்க. மூணு நாளா எத்தனையோ போட்டுப் பார்த்துட்டேன். ஒரு சொல்லை மாத்தினா பக்கத்துச் சொல் இடிக்குது."

"ஏன் மாத்தணும்? போடு."

"போட்டா என் வேலை போயிடும்."

"போடலைன்னா?"

"அப்பவும் போயிடும்."

"அப்ப சரியான விடையப் போட்டுட்டுப் போகட்டுமே. நான் பேனாவுல நிரப்புறவ. தப்பான விடையப் போட்டியோ, உன்ன ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டேன்."

சூச்சின் வீட்டுக்கு வந்து யோசித்தாள். குறுக்கெழுத்துப் போடுகிறவளுக்கு ஒரே ஒரு கௌரவம்தான் உண்டு: குறிப்புக்கு விடை பொருந்த வேண்டும். அதோடு இன்னொன்றும் அவளுக்குத் தோன்றியது. பத்திரிகையில் அச்சாகப் போவது விடை இல்லை, வெறும் கட்டம். வெறும் கட்டத்துக்காக இதுவரை யாரையும் தண்டித்ததில்லை.

மேலிருந்து கீழ்க் குறிப்புகளை எழுதினாள். 'மேல்மாடிக்காரர் வாளியோடு போகும் திசை.' 'மனு எழுதுவோர், பதில் எதிர்பார்ப்போர்.' 'தென் தெருக் குளியலறைகளில் அலங்காரத்துக்காகப் பொருத்தப்பட்டிருப்பது.' 'தீயணைப்பு வண்டியில் இருக்க வேண்டியது.' இப்படி ஏழு கட்டங்களும் வேறு எந்தச் சொல்லுக்கும் இடம் கொடுக்காமல் இறுகிக்கொண்டன. பான் பக்கத்தைச் சரிபார்த்தார். கட்டங்களின் எண் சரி. 'கோங் தேஹாய்' எழுத்துப் பிழையில்லாமல் இருந்தது. கையெழுத்துப் போட்டார்.

மலர் வந்த அன்றைக்கே கடைகளில் தீர்ந்துவிட்டது. பரிசு ஒரு மின்சார அரிசிக் குக்கர் என்பது ஒரு காரணம். கோங் உத்தரவுப்படி எல்லாப் பள்ளிகளும் ஆலைகளும் கட்டாயமாகத் தாமாக முன்வந்து பங்கேற்றது இன்னொரு காரணம். விடைகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கின. பான் ஒரு மூட்டையைப் பிரித்தார். உட்கார்ந்தார். இன்னொன்றைப் பிரித்தார். தண்ணீர் கேட்டார்.

"எல்லாமே ஒரே விடை, சூச்சின்."

"விடை ஒண்ணுதானே சார் இருக்கும்."

ஃபூ பெரியவர் விடைத்தாளைச் சொல் சொல்லாக எண்ணினார். "ஏழுக்கு ஏழு! எங்கயும் இடிக்கல, எங்கயும் தொங்கல. இப்படி ஒரு ஜோடிய நான் பார்த்ததே இல்லைய்யா." சங்கத்தின் முத்திரையை எடுத்து ஓங்கிக் குத்தினார். அடியின் பொருளைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. பொருள் சங்கத்தின் வரம்புக்குள் வராது.

இனி அதைக் கோங்கிடம் சொல்ல வேண்டும். யார் சொல்வது? பான் போனார். சூச்சினையும் அழைத்துக்கொண்டு போனார். விழுந்தால் பிடிக்க ஆள் வேண்டும்.

"ஐயா, மக்கள் பதில் சொல்லிட்டாங்க."

"எத்தன விதமா?"

"ஒரே விதமா. ஒருத்தர்கூட மாறல."

கோங் முகம் மலர்ந்தது. "பார்த்தியா? ஒரே குரல்! ஃபூ என்ன சொன்னாரு?"

"முத்திரை குத்திட்டாருங்க. ஐயா ஒரு தடவ காது குடுத்துக் கேட்டீங்கன்னா..."

"சொல்லாத!" கோங் கையை உயர்த்தினார். "முன்னாடியே தெரிஞ்சா முகத்துல ஆச்சரியம் வராது. விழா அன்னிக்குத் தொலைக்காட்சிக்காரன் வர்றான். யென் ஐயா முதலடியப் படிக்கட்டும், கூட்டம் இணையடியச் சொல்லட்டும், நான் மேடையில முதல் தடவையாக் கேக்குறேன். அந்த ஆச்சரியம் இயல்பா இருக்கணும்."

"ஐயா, அது கொஞ்சம்..."

"பான், கலையில குறுக்க வராத."

விழா நாளும் வந்தது. பட்டாசுப் புகை அடங்கியதும் யென் மேடையேறினார். கூடுதல் அழுத்தத்தில் நீரூற்று ஆடியது. தென் தெரு முழுக்க, வாளிகளைக் கீழே வைத்துவிட்டு, முன்வரிசையில் நின்றது. சூச்சின் மேடையின் ஓரத்தில் நின்றாள். கைக்குள் ஒப்பந்த அட்டையைப் பிடித்திருந்தாள். திருப்பிக் கொடுக்கச் சொன்னால் தேடிக்கொண்டு நிற்க வேண்டாம் என்பதற்காக.

யென் வலது தூணைப் பார்த்து, மேடைக்குரிய குரலில் படித்தார்: "மேலே அரசுக் கோபுரம் இரவெல்லாம் ஒளி நிறைந்து சிரிக்கிறது!" பிறகு இடது தூணைக் காட்டி, "எங்கே, மக்களே, இதுக்கு இணை?" என்றார்.

கூட்டத்துக்கு ஒத்திகையே தேவைப்படவில்லை.

"கீழே குடிமக்கள் குழாய் பகலெல்லாம் நீர் வற்றி அழுகிறது!"

கோங்கின் முகத்தில் ஆச்சரியம் மிக இயல்பாக வந்தது. தொலைக்காட்சிக்காரர் அதை நெருக்கத்தில் எடுத்தார்.

நீரூற்று மட்டும் ஆடியது. யென் உதட்டுக்குள் முணுமுணுத்தபடி விரல் விட்டு எண்ணினார். மேலே, கீழே. அரசு, குடிமக்கள். ஏழும் முடிந்ததும் தொடையைத் தட்டினார்.

"ஆஹா! ஒளிக்கு நீர்! நிறைந்துக்கு வற்றி! என்ன பொருத்தம்யா! யார் எழுதினது?"

கோங் மெதுவாகத் திரும்பிச் சூச்சினைப் பார்த்தார். அவர் கண்ணில் ஒரு முழு விசாரணைக் குழு உட்கார்ந்திருந்தது. கூட்டமும் அவளைப் பார்த்தது. முன்வரிசையில் மாவ் அக்கா பேனாவைக் காதில் செருகியிருந்தாள்.

"இயக்குநர் ஐயாதாங்க," என்றாள் சூச்சின்.

"நானா?" என்றார் கோங்.

"ஆமாங்கய்யா. நான் கட்டம் மட்டும்தான் போட்டேன். ஐயா அப்படியொரு முதலடி செஞ்சதாலதான் இப்படியொரு இணையடி வந்துச்சு. ஐயா செய்யலைன்னா எங்களுக்கு இது கிடைச்சிருக்காது."

"தன்னடக்கம் பாரு இந்த மனுஷனுக்கு!" யென் கோங்கின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ரெண்டு அடியும் உங்களுதுதானா? இன்னிக்கே வெட்டச் சொல்லுங்க. கீழ உங்க பேரையும் போடுங்க. மாகாணத்துப் 'பாதுகாக்கப்பட்ட கல்வெட்டு'ப் பட்டியல்ல நானே சேர்க்குறேன்."

மேலதிகாரி புகழ்ந்ததை மறுப்பது தாவ்சி வட்டத்தில் இதுவரை நடந்ததில்லை. கோங் குனிந்து நன்றி சொன்னார். கல்தச்சர் அன்று மாலையே உளியை எடுத்தார். இடது தூண், தங்க வண்ணம், கீழே 'கோங் தேஹாய்'.

சூச்சினைத் தண்டிக்க வழியில்லாமல் போயிற்று. தண்டித்தால் அடியில் குற்றம் இருப்பதாக ஆகும். அடியோ இப்போது அவருடையது. சொன்ன சொல்லைக் காப்பாற்றுவது ஒன்றே பாக்கி. ஜோடி வந்துவிட்டது, கோப்பில் கையெழுத்து விழுந்தது. சூச்சின் நிரந்தரமானாள். புதிய பதவி: 'கல்வெட்டுப் பாதுகாப்புப் பிரிவு', பொறுப்பு அலுவலர். கோபுரத்தில் மேசை. குழாயைத் திறந்தால் இருமாத ஒரு அறை.

அந்த மேசைக்கு வந்த முதல் கோப்பு, தென் தெருவின் மனு. முதல் பெயர் மாவ் அக்காவினுடையது. தண்ணீர் இல்லாததால் நூடுல்ஸ் கடையை மூடியாயிற்று என்று எழுதியிருந்தாள். குடிநீர்ப் பொறியாளர் ஓரத்தில் குறித்திருந்தார்: நீரூற்றை நிறுத்தி, ஒரு அடைப்பானைத் திருப்பினால் போதும், ஒரு மதியத்து வேலை. கல்வெட்டைத் தொடும் விஷயம் என்பதால் பாதுகாப்புப் பிரிவின் கருத்து வேண்டும்.

சூச்சின் கோப்பை எடுத்துக்கொண்டு கோங்கிடம் ஓடினாள்.

"அது எப்படிம்மா முடியும்?" கோங் உண்மையாகவே வருந்தினார். "தண்ணி விட்டா குழாய் அழாது. அழலைன்னா இணையடி பொய்யாயிடும். மாகாணப் பட்டியல்ல இருக்குற கல்வெட்டு. அதப் பொய்யாக்கினா சட்டப்படி அது சேதம். நீதான் பாதுகாப்பு அலுவலர். மறுத்து எழுது."

அன்று சாயங்காலம் சூச்சின் நீரூற்று வரிசைக்குப் போனாள். நிற்க வேண்டிய அவசியம் அவளுக்கு இனி இல்லை. வீட்டுக்கு இப்போது கோபுரத்திலிருந்து நிரப்பிக்கொண்டு போகலாம். மாவ் அக்காவிடம் விஷயத்தைச் சொன்னாள்.

மாவ் அக்கா கோபப்படவில்லை. குறுக்கெழுத்துக்காரி, யோசித்தாள்.

"ரெண்டும் ஜோடிதானடி? அப்ப கோபுரத்து விளக்க அணைச்சிருங்க. முதலடியும் பொய், இணையடியும் பொய். ஜோடிப் பொருத்தம் கெடாது. அப்புறம் தண்ணி விடலாம்ல?"

சூச்சினுக்குத் தலையில் விளக்கெரிந்தது. மறுநாள் காலையிலேயே கோங் முன்னால் போய் நின்று சொன்னாள். ஃபூ பெரியவரும் அங்கே இருந்தார். விதிப்படி அதில் குற்றமில்லை என்று தலையசைத்தார்.

கோங் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"ஊருக்கு முன்னாடி கல்லுல எழுதி வெச்சிருக்கேன், கீழ என் பேரு இருக்கு. இப்ப விளக்க அணைச்சு என்னைப் பொய் சொல்றவன் ஆக்கப் பாக்குறியா?"

சூச்சின் மறுப்பைத் தட்டச்சு செய்தாள். 'நீர் வழங்கல் பண்பாட்டுக் காரணங்களால் ஏற்புடையதன்று.' கையெழுத்துப் போட்டாள். அவள் போட்ட முதல் நிரந்தரக் கையெழுத்து. கட்டத்துக்குள் கச்சிதமாக அடங்கியது.

இந்த வாரக் குறுக்கெழுத்தை வேறு யாரோ போடுகிறார்கள். மாவ் அக்கா பத்திரிகை வாங்குவதை நிறுத்திவிட்டாள். தாவ்சிக்கு வருகிறவர்கள் இரண்டு தூண்களுக்கும் நடுவே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். கோபுரம் இரவெல்லாம் ஒளிர்கிறது, நீரூற்று ஆடுகிறது. தாவ்சி வட்டத்துக் கல்லில் இன்றுவரை ஒரு பொய்கூட இல்லை. இல்லாமல் பார்த்துக்கொள்வதற்காகத்தான் தென் தெருவில் தண்ணீர் இல்லை.